எட்டாம் மாடிக்கான மன்றாட்டு

ரபேலுக்குத் தலைவர்களைக் கண்டால் ஆகாது. உள்ளூர்த் தலைவர், உலகத் தலைவர், கோட்டுப் போட்டவர், பூப்போட்ட பாத்தேக் சட்டை போட்டவர், எந்தப் பாகுபாடும் பார்க்க மாட்டார். எல்லாரையும் ஒரே தட்டில் வைத்துத் திட்டுவார். கூலாய் ஊரில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அறுபத்தாறு வயது மனிதருக்கு உலகத் தலைவர்களோடு அப்படி என்ன வாய்க்கால் தகராறு என்று கேட்டால், இருக்கிறது. அதுவும் சின்னத் தகராறு இல்லை.

சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனைக் கீழே நிறுத்திவிட்டு, எட்டு மாடியும் படியேறி, சட்டையைக் கழற்றிப் போட்டு, தொலைக்காட்சி முன்னால் உட்காருவார். செய்தியில் எங்கோ தூரத்தில் ஒரு போர் நடந்துகொண்டிருக்கும். பின்னால் கொடிகளை நட்டு வைத்த மேடையில் ஒருவர் வந்து நின்று, இது போரே இல்லை, அமைதிக்கான நடவடிக்கை, வருங்காலத் தலைமுறையின் பாதுகாப்புக்காகச் செய்கிறோம் என்பார். அடுத்த படத்தில் ஓர் ஆஸ்பத்திரி இடிந்து கிடக்கும்.

“அடேய், வருங்காலத் தலைமுறையா? அது அந்தக் கல்லுக்கு அடியில கெடக்குடா! தோண்டிப் பாருடா!” என்று கத்துவார் ரபேல்.

ஒரு காலத்தில் சமையலறையிலிருந்து அவர் மனைவி செசிலியாவின் குரல் வரும். “ஏங்க, அவனுக்குக் கேக்காது. கனகராஜ் வீட்டுக்குத்தான் கேக்கும்.” பக்கத்து வீட்டுக் கனகராஜும் லேசுப்பட்டவர் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “விடாதீங்கண்ணே, இன்னும் ரெண்டு போடுங்க!” என்பார். இப்போது சமையலறையில் செசிலியா இல்லை. கனகராஜ் குடும்பத்தோடு செனாய்ப் பக்கம் தரைவீட்டுக்கு மாறிப் போய்விட்டார். அந்த மாடியில் ரபேலையும், கடைக்கோடி வீட்டில் ஷிப்டு மாற்றி ஷிப்டு தூங்குகிற நேப்பாளத் தொழிலாளிகளையும் விட்டால் ஆள் கிடையாது. ரபேல் திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. திட்டி முடித்த பிறகு வீடு அடங்கிப் போகிறதே, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

எல்லாம் லிப்டால் வந்த வினை.

ரபேல் சிம்பாங் ரெங்கம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். இளவட்டத்தில் செனாய்த் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். தொழிற்சாலை பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கி, உட்கார்ந்திருந்த செசிலியாவின் மேல் விழுந்து, அவளிடம் வயிறு நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டார். அதுதான் அவர்களுக்குள் நடந்த முதல் பேச்சு. கல்யாணம் ஆகி, மகள் கிறிஸ்டின் பிறந்து, மலிவு விலை அடுக்குமாடியில் வீடு வாங்கப் போனபோது இரண்டாம் மாடியில் ஒன்று காலியாகத்தான் இருந்தது. செசிலியாதான் மூக்கைப் பொத்திக்கொண்டாள். “கொசுவும் சாக்கடை நாத்தமும் யாருக்கு வேணும்? மேல போவோங்க. காத்து வரும். லிப்டுதான் இருக்கே.”

இருந்தது. இரண்டு லிப்டு இருந்தது. ஒன்று கிறிஸ்டினுக்குக் கல்யாணம் ஆன வருஷம் நின்றது. அதைச் சரி செய்ய நாதியில்லை. மற்றது முக்கி முனகி ஓடிக்கொண்டிருந்தது. செசிலியா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது அந்த லிப்டில்தான் அவளைக் கீழே கொண்டுபோனார்கள். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே அதுவும் மண்டையைப் போட்டது. ஆபரேஷன் முடிந்து, இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடக்கத் தொடங்கியவளை எட்டு மாடிக்கு எப்படி ஏற்றுவது? நேராகப் பெக்கான் நானாஸில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கொண்டுபோனார் ரபேல். “ஒரு வாரம் இரு செசி. லிப்டு சரியானதும் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்” என்றார். அந்த ஒரு வாரம் முடிந்தபாடில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அவரும் அங்கேயே போய் இருந்திருக்கலாமே என்று கேட்பார்கள். இருந்து பார்த்தார். மருமகன் டாரில் தங்கமான பிள்ளை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மூன்று அறை வீட்டில் டாரிலின் பெற்றோர், பிள்ளைகள், எல்லாருக்கும் நடுவில் கூடத்தில் பாய் விரித்துப் படுத்து, விடியுமுன் எழுந்து கூலாய்க்கு ஓடி வேனை எடுக்க வேண்டும். இடுப்பு விட்டுப் போனது. வேனை விட்டால் சோற்றுக்கு வழியில்லை. வீட்டை விற்றுத் தரைவீடு பார்க்கலாம் என்றால், லிப்டு இல்லாத கட்டடத்தில் எட்டாம் மாடியை எந்தப் புத்திசாலி வாங்குவான்? ஆகவே ஞாயிறு பூசை முடிந்ததும் பெக்கான் நானாஸுக்குப் போவார். செசிலியாவோடு வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்புவார். கட்டின பெண்டாட்டியை விருந்தாளி போலப் போய்ப் பார்க்கிற கொடுமை எதிரிக்கும் வரக்கூடாது.

அவர் சும்மாவும் இருக்கவில்லை. அடுக்குமாடி நிர்வாகக் குழுவிடம் போனார். அவர்கள் நகராட்சியைக் காட்டினார்கள். நகராட்சியில் இருந்தவர், இது கட்டியவர்களின் பொறுப்பு என்றார். கட்டிய கம்பெனி எப்போதோ கடையை மூடிவிட்டது. கடைசியில் சட்டமன்ற உறுப்பினர் ஜெயபாலனின் சேவை மையத்தில் போய் உட்கார்ந்தார். உறுப்பினர்களை மரியாதையாகக் கூப்பிடுகிற வழக்கப்படி ஊரில் எல்லாருக்கும் அவர் வைபி. எப்போது பார்த்தாலும் குளித்துவிட்டு வந்தவர் போலப் பளிச்சென்று இருப்பார்.

“ஐயா, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது” என்றார் வைபி. “ஆனா ஸ்பேர் பார்ட்ஸ் வெளிநாட்டுல இருந்து வரணும். போர் நடக்குதுல்ல? கப்பலெல்லாம் சுத்திக்கிட்டு வருது. வெல ஏறிப் போச்சு. நாம என்ன செய்ய முடியும்?”

“வைபி, லிப்டு செத்தது போருக்கு முன்னாடி.”

“அது அப்ப, ஐயா. அப்ப வேற பிரச்சன. இப்பப் போர்தான் பிரச்சன. கொஞ்சம் சாபார் பண்ணுங்க லா, பொறுமையா இருங்க.”

ரபேல் வெளியே வந்து வேனில் உட்கார்ந்தார். அங்கே ஒருவன் அமைதிக்காகக் குண்டு போடுகிறேன் என்கிறான். இங்கே ஒருவன் அந்தக் குண்டைக் காட்டி என் லிப்டை நிறுத்தி வைக்கிறான். அவன் போட்ட குண்டு என் வீட்டுப் படிக்கட்டிலா வந்து விழ வேண்டும்? அன்றிலிருந்துதான் உலகத் தலைவர்களோடு அவருக்குச் சொந்தத் தகராறு ஆகிப் போனது.

இந்த நிலையில்தான் மாதா திருவிழா வந்தது. அவர் போகும் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு குடியிருப்பிலும் இருக்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஓர் அன்பியம். பூசையில் பிரசங்கத்துக்குப் பிறகு சொல்கிற மன்றாட்டுகளை அன்பியங்கள் முறை வைத்து எழுதி வாசிக்கும். வாசிக்கிறவர் ஒரு வேண்டுதலைச் சொல்லி, “இறைவா, உம்மை மன்றாடுகிறோம்” என்று முடிப்பார். உடனே கோயிலே சேர்ந்து, “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று பதில் சொல்லும். ரபேலுக்கு நல்ல வெண்கலக் குரல். அவர் அன்பியத்தின் முறை வரும்போதெல்லாம் அவர்தான் வாசிப்பார். மற்ற நாளெல்லாம் அவர் என்ன பேசினாலும் சுவர்தான் கேட்கும். அந்த மைக் முன்னால் நிற்கும்போது மட்டும் அவர் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு கோயில் நிறைய ஆட்கள் பதில் சொல்வார்கள். அதற்காகவே முதல் நாள் சட்டையைத் தேய்த்து மாட்டி வைப்பார்.

திருவிழாப் பூசைக்கு அவர் அன்பியத்தின் முறை வந்தது. வைபி சிறப்பு விருந்தினராக வருகிறார், முதல் வரிசையில் உட்காருவார் என்றும் சொன்னார்கள். ரபேலுக்கு அப்போதே உடம்பு சூடானது. இந்த ஆளை ஒரு தடவை சாமி முன்னால் நிறுத்திக் கேட்டுவிட வேண்டும். ஊர் கேட்க, அவர் காதுபடக் கேட்டுவிட்டால், அப்புறம் எந்த முகத்தோடு போரைக் காட்டிச் சாக்குச் சொல்வார்? வெட்கத்துக்காவது லிப்டு ஓடும். லிப்டு ஓடினால் செசிலியா வீட்டுக்கு வருவாள்.

மன்றாட்டுகளைச் சரிபார்க்கிற பொறுப்பு தேன்மொழி டீச்சருக்கு. தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் சிவப்புப் பேனா இல்லாமல் வெளியே வர மாட்டார். ரபேல் எழுதிக் கொண்டுபோனதைப் படித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னண்ணே இது? மன்றாட்டா, மறியலா?”

“வேண்டுதல்தான் டீச்சர்.”

“சாமிகிட்டப் பேசுற எடத்துல ஆளுங்களத் திட்டலாமா? நாடுகளை ஆளும் தலைவர்கள் அருளும் ஞானமும் பெற்று நீதியோடு ஆட்சி செய்யன்னு போட்டாப் போதும்.”

“எத்தன வருஷமா அவங்களுக்கு ஞானம் கேக்குறோம் டீச்சர். வந்துச்சா?”

“வராட்டியும் கேக்கணும். அதுதான் வெசுவாசம்.” டீச்சர் தம் கையாலேயே வேறு எழுதிக் கொடுத்துவிட்டார். மீறினால் அடுத்த முறை மைக் கிடைக்காது என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ரபேல் வீட்டுக்கு வந்து யோசித்தார். மைக்கும் போய்விட்டால் அவருக்கென்று மிச்சம் என்ன இருக்கிறது? வேனில் பிள்ளைகள் போடுகிற கூச்சலும், தொலைக்காட்சியும்தான். ஒரு வாரம் முழுக்க இரண்டு மனமாக இருந்தார். பிறகு டீச்சரின் தாளுக்குள் தம்முடைய தாளை மடித்து வைத்துக்கொண்டார். போனால் போகட்டும், மைக் என்ன பெரிய மைக், செசி வந்தால் போதும் என்று துணிந்துவிட்டார்.

திருவிழாவன்று கோயில் நிரம்பி வழிந்தது. வைபி ஜெயபாலன் பட்டு ஜிப்பாவில் முதல் வரிசையில் பணிவாகக் கைகட்டி உட்கார்ந்திருந்தார். ரபேல் மைக் முன்னால் வந்து நின்றார். திருச்சபைக்காக ஒன்று. நோயாளிகளுக்காக ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கோயில் கணீரென்று பதில் சொன்னது. மூன்றாவது தலைவர்களுக்காக. ரபேல் டீச்சரின் தாளைக் கீழே தள்ளிவிட்டுத் தம் தாளை விரித்தார்.

“அமைதிக்காகத்தான் குண்டு போடுகிறோம் என்று சொல்லும் தலைவர்களுக்காகவும், அந்தக் குண்டைக் காரணம் காட்டி நம் ஊர்ச் சாலையையும் பாலத்தையும் லிப்டையும் சாகவிடும் தலைவர்களுக்காகவும் மன்றாடுவோம். ஆண்டவரே, இவர்களிடமிருந்து இவர்களுடைய காரணங்களைப் பிடுங்கிக்கொள்ளும். சொல்ல ஒரு சாக்கும் இல்லாமல், வீடிழந்தவர்கள் முன்னாலும், வீடிருந்தும் படியேறிப் போக முடியாதவர்கள் முன்னாலும் இவர்களை வெறுங்கையோடு நிற்க வையும்...”

சொல்லச் சொல்லக் குரல் தடித்தது. கோயிலுக்குள் இடி விழப் போகிறது என்று காத்துக்கொண்டே முடித்தார். “இறைவா, உம்மை மன்றாடுகிறோம்.”

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!”

அதே ராகம். அதே நீட்டல். ஒரு தலைகூட நிமிரவில்லை. குழந்தையை வெளியே தூக்கிக்கொண்டு போன ஒருத்தி நடந்துகொண்டே பதில் சொன்னாள். பாடகர் குழுவில் தேன்மொழி டீச்சர் காணிக்கைப் பாட்டின் பக்கத்தைத் தேடிக்கொண்டே சொன்னார். சாமியார் கண்ணை மூடியபடி சொன்னார். முதல் வரிசையில் வைபி, இரண்டு மன்றாட்டுக்குள் பதிலை மனப்பாடம் செய்துவிட்ட பூரிப்பில், எல்லாரையும் விடச் சத்தமாகச் சொன்னார். தம்மை வெறுங்கையோடு நிற்க வைக்கச் சொல்லிக் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார் மனுஷன்! அடக் கடவுளே!

ரபேலுக்கு நான்காவது மன்றாட்டு கண்ணில் தெரியவில்லை. எப்படியோ வாசித்தார். அதற்கும் பதில் வந்தது.

பூசை முடிந்து கொட்டகையில் பீஹூன் சேமியாவும் தேநீரும் கொடுத்தார்கள். ரபேல் ஒதுங்கி நின்றார். யாராவது வந்து சண்டை பிடிப்பார்கள் என்று இன்னும் ஒரு நப்பாசை. தேன்மொழி டீச்சர் தட்டோடு வந்தார்.

“நல்லா வாசிச்சீங்கண்ணே. மூணாவது மட்டும் கொஞ்சம் நீளமாப் போச்சோ?”

“டீச்சர், நீங்க எழுதினத நான்...”

“பரவால்ல, பரவால்ல. அடுத்த தடவையும் நீங்கதான் வாசிக்கணும்.” டீச்சர் மிளகாய்ச் சாந்து தேடிப் போய்விட்டார்.

வைபி தாமாகவே தேடி வந்து கையைப் பிடித்தார். “அருமையான குரல் ஐயா! ஒடம்பே சிலிர்த்துப் போச்சு.” உதவியாளர் போனைத் தூக்க, தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். “எங்கயோ பாத்த மாதிரி இருக்கே. நீங்க எங்க இருக்கீங்க?”

“எட்டாம் மாடியில” என்றார் ரபேல்.

“ஓ, நல்ல காத்து வருமே!” என்று சிரித்துவிட்டு வைபி அடுத்த மேசைக்கு நகர்ந்தார். ரபேல் அந்தத் தேநீரைக் குடிக்கவில்லை. வேனை எடுத்துக்கொண்டு பெக்கான் நானாஸுக்குப் போனார். வழியெல்லாம் அழுகை அழுகையாக வந்தது. மறியல் செய்து ஜெயிலுக்குப் போயிருந்தால்கூட இப்படித் தனியாக இருந்திருக்காது என்று தோன்றியது.

செசிலியா வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தாள். கோயில் பூசையைப் போனில் நேரலையாகப் போடுவார்கள். அவள் மகளோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

“மூணாவது டீச்சர் எழுதினது இல்ல, நீங்க எழுதினது” என்றாள், அவர் செருப்பைக் கழற்றுமுன்னே.

ரபேல் ஒற்றைச் செருப்போடு நிமிர்ந்தார். “ஒனக்கு எப்படித் தெரியும்?”

“டீச்சர் எழுதினா நாலு தடவ அருள் வரும். நீங்க பிடுங்குன்னீங்க.” சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். “எல்லாரும் பதில் சொன்னாங்கல்ல? இங்க கிறிஸ்டினும் காய் நறுக்கிக்கிட்டே சொன்னா. எனக்குத்தாங்க வாய் வரல. அது என்னையப் பத்தினதுன்னு புரிஞ்சிருச்சு.”

ரபேல் படியில் உட்கார்ந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். “செசி, இன்னும் ஒரு மாசம் பொறுத்துக்க. இந்தத் தடவ நான் நேரா மந்திரிகிட்டயே...”

“போதுங்க.” அவள் குரலில் கோபமில்லை. “நோன்புப் பெருநாள் கழிச்சுன்னீங்க. தீபாவளி கழிச்சுன்னீங்க. இப்ப மந்திரி. நீங்களும் அவங்க மாதிரியே பேச ஆரம்பிச்சிட்டீங்க. அந்த லிப்டு ஓடாது. என்னையக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க.”

“இங்க எதாவது சொன்னாங்களா?”

“ஐயையோ, தங்கமாப் பாத்துக்கிறாங்க. ஒரு கொறயும் இல்ல. ஆனா இங்க வந்ததுல இருந்து யாரையும் ஒரு சத்தம் போடலங்க நான். ஒரு தேத்தண்ணி கேக்குறதுக்கு முன்னாடி மூணு தடவ யோசிக்கிறேன். எனக்கு என் வீடு வேணும். நீங்க டிவியப் பாத்துக் கத்தணும், நான் ஒங்களக் கத்தணும்.”

“எட்டு மாடி செசி. ஆளுங்களப் புடிச்சு, நாற்காலியில வச்சு ஏத்திடலாம். சரி. ஆனா அப்புறம் எறக்கணுமே?”

“ஏன் எறக்கணும்?”

“கிளினிக்கு? கோயிலு?”

“மருந்து நீங்க வாங்கிட்டு வருவீங்க. பூசை போன்ல பாத்துக்குவேன்.” தெருவைப் பார்த்தபடி சாதாரணமாகச் சொன்னாள். “அப்புறம் ஒரே ஒரு தடவ எறக்குனாப் போதும். அன்னிக்கு நான் கனமா இருக்கேன்னு யாரும் சலிச்சுக்க மாட்டாங்க.”

ரபேல் அவள் வாயைப் பொத்தப் போனார். அவள் கையைத் தட்டிவிட்டு, “முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லுங்க” என்றாள். ரபேல் எழுந்து, கழற்றிப் போட்ட செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, “அடுத்த ஞாயித்துக்கெழம வரேன். டாரிலயும் கூட்டிக்கிறேன்” என்றார். செசிலியா தலையை ஆட்டினாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் ரபேல் கடைக்கோடி வீட்டுக் கதவைத் தட்டினார். நேப்பாளத் தொழிலாளிகளிடம் தமக்குத் தெரிந்த மலாயில் விஷயத்தைச் சொன்னார். தூக்குகிறோம் அங்கிள் என்றார்கள். பிறகு கட்டிலைப் பார்த்தார். அது சுவரோரம் இருந்தது. இனிமேல் அவள் உலகத்தைப் பார்ப்பதென்றால் அந்த ஜன்னல் வழியாகத்தான். அலமாரியை நகர்த்தி, கட்டிலைத் தனியாளாகத் தம் பிடித்து இழுத்து ஜன்னலோரம் சேர்த்தார். தரை கிறீச்சிட்டது. கீழ்மாடியிலும் ஆள் இல்லாததால் யாரும் சத்தம் போடவில்லை.

அவளுக்கு என்ன தெரியும் என்று பார்க்க, தலையணையில் தலை வைத்துப் படுத்தார். வானம் மட்டும்தான் தெரிந்தது. வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மனுஷி எத்தனை நாள் படுத்திருப்பாள்? எழுந்து எட்டு மாடியும் இறங்கினார். லிப்டு கதவுக்குப் பக்கத்தில், பழுதுபார்க்கிறோம் என்று போன தேர்தலுக்கு முன்னால் கொண்டுவந்து குவித்த செங்கல் அப்படியே கிடந்தது. அதில் நாலு கல்லை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி, ஏறி வந்தார்.

கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு கல்லாக வைத்து உயர்த்தினார். ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தார். பிறகு மறுபடியும் படுத்தார். இப்போது வேன் நிற்கிற இடம் தெரிந்தது. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த ஆட்களும் தெரிந்தார்கள்.